ஆபரேஷன் மேஜையில் எல்லோரும் ஒன்றுதான்

"அக்கா, எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு ஆபரேஷன் பண்ற அதே மேஜையிலதான் எம் பொண்ணையும் படுக்க வைப்பாங்களாமே? பயமா இருக்குங்க!"

சேந்தமங்கலத்தில் எங்கள் தெருத் தாய் ஒருத்தியின் கேள்வி இது. மகளுக்கு சிசேரியனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் ஓடி வந்தாள்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சென்னையில் இக்கிருமியைக் கண்டறிந்தபோது, நாட்டில் இதற்கு மருந்தில்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். இன்று பயத்துக்கு என்ன வேலை?

தியேட்டரில் ஆள் பார்த்துக் கவனம் எடுப்பதில்லை. தொற்றிய புதிதில் பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாமே! அதனால் எல்லோர் ரத்தத்திலும் கிருமி இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். கையுறை, முகமூடி, கண் கண்ணாடி போட வேண்டும். ஊசியை மறுபடி மூடாமல் தனி டப்பாவில் போட வேண்டும். மறுபடி பயன்படும் கருவிகளைக் கிருமி நீக்கிய பிறகே அடுத்தவருக்குத் தொட வேண்டும். மேஜையில் படுப்பதாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் பக்கத்துக் கட்டிலில் இருப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது.

கிருமி உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி நர்ஸின் கையில் குத்திவிட்டால்? ஆயிரம் குத்தலில் ஏறக்குறைய மூன்றில்தான் தொற்றும். அதையும் தடுக்க மாத்திரை உண்டு. 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணியைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

கிருமி உள்ள சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குச் சொல்ல வேண்டாம். மயக்க மருந்து டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். சில எச்.ஐ.வி. மாத்திரைகளோடு சேர்ந்தால் சில மயக்க மருந்துகள் உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அவர் அளவு குறிப்பார். ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாமா என்று அவரையே கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தால், மூக்கு வழிக் குழாயில் மருந்தைத் தொடர முடியும். வீட்டார் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. டாக்டர் முடிவு செய்வார்.

"கட்டில் தலைமாட்டில் எழுதி வைப்பாங்களோ?" என்ற பயம் வேண்டாம். 2017-ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள சட்டம், ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இதைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதையும் தடுக்கிறது.

சந்தேகமா? 1097-க்குப் போன் செய்யுங்கள், பைசா செலவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து ஒதுங்காதீர்கள். அவரும் யாரோ ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்தானே!