புறக்கடைக் கோழிக்கூட்டத்தில் குஞ்சுகளைச் சேர்த்தல்

புறக்கடையில் ஏற்கெனவே மேய்ந்துவரும் கோழிகளுடன் இளங்குஞ்சுகளையும் வளர்ப்பது தமிழகக் கிராமங்களில் வழக்கமான ஒன்று. தாய்க்கோழி பொரித்த குஞ்சுகளுக்கு இதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. பொரிப்பகத்திலிருந்து வாங்கிவரும் குஞ்சுகளுக்கோ கொத்துப்பட்டும் குளிரில் வாடியும் நோயுற்றும் இறக்கும் ஆபத்து அதிகம். சூடு கொடுப்பது, இரை காட்டுவது, மற்றக் கோழிகளை விரட்டுவது என்று தாய் செய்யும் வேலைகளையெல்லாம் அங்கே வளர்ப்பவரே செய்யவேண்டியிருக்கிறது.

கொத்தும் வரிசை

ஒரு கூட்டத்துக் கோழிகளுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தித் தீவனத்திலிருந்து விலக்கும். கீழே உள்ளது பெரும்பாலும் திருப்பிக் கொத்தாது. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். புதிதாக ஒரு பறவை நுழைந்தால் வரிசை மறுபடியும் தீர்மானமாக வேண்டும். சம எடையுள்ள கோழிகளுக்கிடையில் அது சிறு சண்டையோடு முடிந்துவிடும். உள்ளங்கையளவு குஞ்சு தலையில் இரண்டு கொத்து வாங்கினாலே செத்துப்போகும்.

தாயுடன் திரியும் குஞ்சுகள் மற்றக் கோழிகளின் கண்ணெதிரிலேயே வளர்கின்றன. அருகில் வரும் கோழியைத் தாய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு விரட்டும். சில வாரங்களுக்குப் பின் அதுவே குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும்போது அவை கூட்டத்துக்குப் பழகிய பறவைகளாகிவிட்டிருக்கும்; வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ளும்.

அடைக்கோழியிடம் விடுதல்

வாங்கிய குஞ்சுகளுக்கும் ஒரு தாயைத் தேடித் தரலாம். அடையில் உட்கார்ந்து இரண்டு, மூன்று வாரங்கள் ஆன கோழியின் அடியில், இருட்டிய பிறகு, ஓரிரு நாள் வயதுக் குஞ்சுகளை மெல்ல வைத்து முட்டைகளை எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் கோழி ஏற்றுக்கொண்டதா என்று பார்ப்பது அவசியம்; ஏற்காத கோழி குஞ்சுகளைக் கொத்தும். ஒரு வாரத்துக்கு மேல் வயதான குஞ்சுகளிடம் இந்த முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. தாயையும் குஞ்சுகளையும் முதல் சில நாட்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்து, காக்கை, பூனை ஆகியவற்றிடமிருந்தும் காக்கலாம்.

தாயில்லாக் குஞ்சுகள்

அடைக்கோழி கிடைக்காதபோது குஞ்சுகளைத் தனியறையிலோ தகர வளையத்துக்குள்ளோ வைத்துச் செயற்கையாகச் சூடு தரவேண்டும். முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு தொங்கவிடுவது வழக்கம். இப்போது வீடுகளில் உள்ள எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அதில் வெளிச்சம் உண்டு, போதிய சூடு இல்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது என்றும், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம் என்றும் அறியலாம்.

இறகு முழுதாக முளைத்ததும், ஐந்தாறு வார அளவில், பெரிய கோழிகளுக்குப் பக்கத்திலேயே கம்பிவலைத் தடுப்புக்குள் குஞ்சுகளை விடவேண்டும். ஒன்றையொன்று பார்க்க முடியும், கொத்த முடியாது. இரண்டு வாரங்களாவது இப்படி இருந்தபின், எட்டு முதல் பன்னிரண்டு வார வயதில், தடுப்பை எடுக்கலாம். வயதைவிட உடலளவே முக்கியம்: நாட்டுக்குஞ்சு மெதுவாக வளரும் என்பதால் அதற்கு இன்னும் சில வாரங்கள் கூடத் தேவைப்படலாம். ஒரே ஒரு குஞ்சை மட்டும் சேர்த்தால் எல்லாக் கொத்தும் அதற்கே விழும். பெரிய கோழி நுழைய முடியாத சந்து ஒன்றும், தள்ளித்தள்ளி வைத்த இரண்டு மூன்று தீவனத் தட்டுகளும் பாதிச் சண்டையைக் குறைத்துவிடும். இரத்தம் கசியும் குஞ்சை உடனே பிரித்தெடுக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் அங்கேயே கொத்தும்.

தீவனம்

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். குஞ்சுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடே போதும். மிகுதியானது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே சேர்ந்து மேயும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே வைத்து, முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைப்பது எளிது. குஞ்சுகள் அதைப் பெரிதாகத் தின்பதில்லை.

நோய்

வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் பெரிய கோழிகளின் எச்சத்தில் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும். ஈரமான தரையில் அவை தொற்றும் நிலையை அடைந்து, மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்குகின்றன. தரையில் பரப்பிய உமியை உலர்வாக வைப்பதே முதல் தடுப்பு.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய் எல்லா வயதுக் கோழிகளையும் கொல்லும். ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடவேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களில் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கே ஊசி போடப்படுகிறது. அதற்குக் குறைந்த வயதுக் குஞ்சுகளை வாங்குவோர், சொட்டுமருந்து கொடுக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு, இல்லையென்றால் பெரிய கோழிகளுடன் சேர்ப்பதற்கு முன்பே கால்நடை மருந்தகத்தை அணுக வேண்டும்.