மீட்க வருபவருக்கும் துணை வேண்டும்



லயத்தில் தீப்பற்றினாலும், ஆறு பெருகி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலும், நாம் வழிபார்த்து நிற்பது தீயணைப்பு மீட்புப் படையினரைத்தான். நம் வாய்மொழியில் அவர்கள் பொம்பாக்காரர்கள். வருவார்கள், வேலையை முடிப்பார்கள், வண்டியேறிப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர் தம் மனத்தில் எதைச் சுமந்துகொண்டு போகிறார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அதைப் பற்றி இன்று பேசுவோம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், விடிவதற்கு முன், சிலாங்கூரில் பத்தாங்காலிக்கு அருகே மலைச்சரிவு இடிந்து விழுந்தது. பள்ளி விடுமுறையில் கூடாரமடித்துத் தங்கியிருந்த குடும்பங்கள் மண்ணில் புதையுண்டன. 61 பேர் பிழைத்தார்கள். 31 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கடைசி உடல் கிடைத்தது டிசம்பர் 24ஆம் நாள். அதுவரை மீட்புப் படையினர் அந்தச் சேற்றில் இறங்கித் தேடினார்கள். பிள்ளை பெற்றவர் ஒருவர் பிறர் பிள்ளையின் உடலை மண்ணிலிருந்து எடுக்கும்போது, அவர் நெஞ்சு என்ன பாடுபடும்!

சில வேளைகளில் மீட்கப் போனவர்களே திரும்புவதில்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங்கில் பழைய ஈயக் குட்டையில் விழுந்த இளைஞரைத் தேடி நீரில் இறங்கிய 6 வீரர்கள் நீரோட்டத்தில் சிக்கி மாண்டார்கள். அவர்களோடு பணியாற்றிய மற்றவர்கள், அடுத்த அழைப்பு வந்ததும் மறுபடியும் வண்டியேற வேண்டியவர்களே.

ஆபத்தைக் கண்டால் நம் உடல் தானாகவே விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. வேலை செய்ய அது உதவும். ஆனால் கடுமையான காட்சியைக் கண்டபின், ஆபத்து நீங்கியும் சிலருக்கு அந்த விழிப்பு அடங்குவதில்லை. தூக்கம் கெடும். இடி இடித்தால் திடுக்கிடுவார். சேற்று வாடை பட்டாலே பழைய காட்சி கண்முன் நிற்கும். வீட்டில் எரிந்து விழுவார்; அல்லது வாய் திறவாமல் மூலையில் உட்கார்ந்திருப்பார். சிலர் இதை மறக்கக் குடியை நாடுகிறார்கள். குடி அன்றைக்கு மறக்கச் செய்தாலும் தூக்கத்தை மேலும் கெடுக்கும்.

இப்படி இருப்பவரைப் பார்த்து, "ஏதோ அடித்துவிட்டது" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கோயிலுக்கு அழைத்துப் போய்த் திருநீறு பூசுவதில் தவறில்லை. அது மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆயினும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும் இந்தத் தொல்லைகள் ஒரு மாதம் கடந்தும் நீடித்தால், மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இது கோழைத்தனமன்று, சிகிச்சையால் குணமாகக் கூடியது.

சரி, நம் ஊர் இளைஞர் மன்றமும், அரிமா சங்கமும், கோயில் மாதர் பிரிவும் இதில் என்ன செய்ய முடியும்? இரத்த தானமும் இலவச மருத்துவ முகாமும் நடத்தத் தெரிந்த நமக்கு இதுவும் கைகூடும்.

ஒரு காலத்தில், பேரிடருக்குப் பின் எல்லாரையும் உடனே உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் செய்தால் மனப்பாரம் குறையும் என்று நம்பினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அப்படி ஒரே அமர்வில் கட்டாயப்படுத்திப் பேச வைப்பது நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு அது புண்ணைக் கிளறியது போலாகிவிட்டது. ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு, மன முதலுதவியை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை.

பார் என்றால், அவர் சாப்பிட்டாரா, நனைந்திருக்கிறாரா, நடுங்குகிறாரா என்று கவனிப்பது. சம்பவ இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு நிழலும், சூடான தேநீரும், காய்ந்த துண்டும் ஏற்பாடு செய்யலாம். கேள் என்றால், அவராகப் பேசினால் குறுக்கிடாமல் செவிசாய்ப்பது. "எத்தனை பிணம் பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "ஆம்பிளை அழலாமா?" என்றும் சொல்லாதீர்கள். அவர் சொன்னதை வெளியில் பரப்பவும் கூடாது. இணை என்றால், குடும்பத்தோடும், சக வீரர்களோடும், தேவையானால் மருத்துவரோடும் சேர்த்து வைப்பது. கோலாலம்பூரில் 1970ஆம் ஆண்டிலிருந்து பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, மனம் நொந்தவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு வருகிறது. சுகாதார அமைச்சும் 2022இல் 15555 என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது.

வீட்டில் இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. கணவர் பல நாள் மீட்புப் பணியில் இருக்கையில், மனைவி தூங்காமல் காத்திருக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும், ஒரு வேளை சோறு சமைத்துக் கொடுப்பதும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறு வேலை. அந்தத் தாய்க்கு அது பெரும் உதவி.

வெள்ளம் வடிந்ததும் மன்றங்கள் விழா எடுத்து வீரர்களுக்கு மாலை போடுகின்றன. அது நல்ல காரியமே. அதோடு நின்றுவிடாமல், ஒரு மாதம் கழித்து, எல்லாரும் மறந்துபோன நேரத்தில், இருவர் அவர் வீட்டுக்குப் போய், "எப்படி இருக்கிறீர்கள், அண்ணே? தூக்கம் வருகிறதா?" என்று கேட்டு வாருங்கள். உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே அந்த இருவர் யார் என்று முடிவு செய்துவிடலாமே!