‘கூட வர ஆள் இல்லை’: மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாகப் பணி தொடங்குவோர் அறிய வேண்டியவை

வளப்பூர் நாட்டிலிருந்து ஒருவர் ஊனச் சான்றுக்காக நாமக்கல் சென்று திரும்ப என்னென்ன தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து செம்மேட்டுக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, காரவள்ளி வழியாக நாமக்கல்லுக்கு இன்னொன்று. மருத்துவர் அன்று இருக்க வேண்டும். கணினி வேலை செய்ய வேண்டும். கடைசிப் பேருந்துக்குள் திரும்பிவிட வேண்டும். போகிறவர் பார்வையற்றவராகவோ, அறிவுசார் குறைபாடு உடையவராகவோ, காது கேளாதவராகவோ இருந்தால் இன்னொருவரும் உடன் செல்ல வேண்டும். அந்த வீட்டில் அன்று இரண்டு பேருடைய கூலி போய்விடும். மிளகு பறிக்கும் காலத்தில் அது சிறிய இழப்பன்று.

மலைவாழ் மக்களிடம் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று அலுவலகங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வீடுகளில் நாங்கள் கேட்பது வேறு: “கூட வர ஆள் இல்லை.” அந்த ஆளைப் பற்றியதே இக்கட்டுரை.

குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்றவை உடல்சார் பராமரிப்பு. அவற்றைத் தவிர்த்த துணைப்பணி ஒன்று இருக்கிறது. அலுவலகத்துக்கும் வங்கிக்கும் உடன் செல்வது, கடிதத்தைப் படித்துக் காட்டுவது, தேர்வில் சொல்வதை எழுதுவது, கிராமசபையில் நடப்பதைச் சைகையிலோ எளிய சொல்லிலோ விளக்குவது, சந்தைக்கும் திருவிழாவுக்கும் சேர்ந்து போவது எல்லாம் அதில் அடங்கும். மேலைநாடுகளில் இது ஊதியம் பெறும் தொழில். 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாமே அமைத்த சுதந்திர வாழ்வு மையம், உதவியாளரை வழிநடத்துபவர் உதவி பெறுபவரே என்ற கொள்கையை முன்வைத்தது. சுவீடனில் 1994 முதல் தனி உதவியாளரைப் பெறுவது சட்ட உரிமை. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதைப் பாதித்தூரம் ஏற்றுக்கொண்டுள்ளது. சமூகத்தில் வாழ்வதற்குத் தேவையான தனி உதவியைப் பற்றி 5ஆவது பிரிவு பேசுகிறது. ‘பராமரிப்பாளர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் ஊதியம் பெற்றோ பெறாமலோ துணை நிற்கும் எவரும், பெற்றோரும் உறவினரும் உட்பட, அடங்குவர். வளப்பூர் நாட்டில் பள்ளியை விட்டு நின்று பாட்டிக்குக் கண்ணாக இருக்கும் பேத்தியும் சட்டத்தின் பார்வையில் பராமரிப்பாளரே. அவளுக்கு அது தெரியாது என்பது மட்டும்தான் குறை.

இங்கே ஓர் எச்சரிக்கையை எங்கள் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். உடலைத் தொடும் பணி, தொடாத பணி என்ற பிரிப்பு பயிற்சியின் பொருட்டும், உதவி பெறுபவரின் அந்தரங்கத்தின் பொருட்டும் நியாயமானது. பயிற்சி இல்லாத ஒருவர் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரைத் தூக்க முயல்வது ஆபத்து. ஆனால் சாதிச் சமூகத்தில் இந்தக் கோடு வெகு எளிதாகச் சாதிக்கோடாக மாறிவிடும். மலம் அள்ளுவதும் சீழ் துடைப்பதும் தலித் பெண்களுக்கு, கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் செல்வது மற்றவர்களுக்கு என்று வேலை பிரிவதை மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் கண்டிருக்கிறோம். முதலாவதற்குக் கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஆகவே இந்தத் துறைக்கு வரும் தோழர் “நான் உடல் பராமரிப்புச் செய்வதில்லை” என்று சொல்லும்போது, பயிற்சி இல்லாததால் சொல்கிறாரா, அருவருப்பால் சொல்கிறாரா என்பதைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. துணைக்கு வரும் தலித் இளைஞரைத் திண்ணையிலேயே நிறுத்திவைக்கும் வீடுகள் சமவெளியில் இருக்கின்றன. ஊனம் சாதியை மறக்கச் செய்வதில்லை.

பணி எங்கே தொடங்குகிறது? கணக்கில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. இந்திய அளவில் பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காட்டினர் ஊனமுற்றோர், பழங்குடியினரில் 2.05 விழுக்காட்டினரே. மொத்தச் சராசரியான 2.21ஐ விடப் பழங்குடியினரின் எண்ணிக்கை குறைவு. மருத்துவமனை எட்டாத மலைகளில், பிரசவத்துக்கே தொட்டில் கட்டித் தூக்கிச் செல்லும் ஊர்களில், ஊனம் மட்டும் குறைவாக இருக்கும் என்று நம்ப எங்களால் முடியவில்லை. குறைவாக இருப்பது எண்ணும் வேலை என்றே கருதுகிறோம். ஆகவே முதல் மாதத்தில் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள். வீடு வீடாக நடங்கள். உள்ளறையில் இருப்பவரைப் பற்றிக் கேளுங்கள். “அவன் சும்மாதான் இருக்கான்” என்ற பதிலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவர் இருப்பார்.

எங்கள் தொடக்ககாலப் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மலைமேல் ஒரு வீட்டில் காது கேளாத இளைஞர் ஒருவருக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பினோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். எல்லாக் கேள்விகளையும் அவருடைய அண்ணனிடமே கேட்டோம். இளைஞர் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணருகே நின்றார். அங்கே சிக்னல் கிடைக்காது என்ற நல்லெண்ணத்தில் எங்கள் கைப்பேசி எண்ணையே படிவத்தில் எழுதினோம். மருத்துவச் சோதனைக்கு வரச்சொன்ன குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வந்தது. வேறு வழக்கொன்றின் அலைச்சலில் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அடுத்த தேதி கிடைப்பதற்குள் ஓர் ஆண்டு போயிற்று. அந்த ஆண்டை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்தாம். இன்று முதல் கேள்வியை உரியவரிடமே கேட்கிறோம். அவர் பதில் சொல்ல நேரமானால் காத்திருக்கிறோம். எண் அவருடையதாகவோ, அவர் சுட்டிக்காட்டுபவருடையதாகவோ இருக்கும்.

இதற்குச் சட்டத்திலேயே ஒழுக்கநெறி இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவைத் துணைப்பணிக்கு வரும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதி உண்டு. துணை நிற்பவர் அவர்மீது முறையற்ற செல்வாக்கைச் செலுத்தக்கூடாது. அவருடைய தன்னாட்சி, கண்ணியம், அந்தரங்கம் ஆகியவற்றை மதிக்க வேண்டும். துணை ஏற்பாட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ கலைக்கவோ அவருக்கு உரிமை உண்டு. அதாவது, ‘நீ வேண்டாம், வேறு ஆள் வரட்டும்’ என்று சொல்லும் உரிமை. சொத்து அல்லது பணப் பரிவர்த்தனை ஒன்றில் இருவருக்கும் நலன்கள் முரண்பட்டால் துணையாளர் அந்தப் பரிவர்த்தனையிலிருந்து விலகியே ஆக வேண்டும். கொல்லிமலையில் இதன் பொருள் என்ன? பார்வையற்ற தம்பியின் பங்கு நிலத்தில் அண்ணன் மரவள்ளி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எழுதும் நாளில் தம்பிக்குப் படித்துக் காட்டுபவர் அண்ணனாக இருக்கக்கூடாது. உறவினர் என்பதாலேயே முரண்பாடு இருப்பதாகச் சட்டம் ஊகிப்பதில்லை. ஆனால் இங்கே முரண்பாடு நிலத்திலேயே விளைந்து நிற்கிறது. துணையாளர் காப்பாளர் அல்லர். வங்கி அட்டையின் இரகசிய எண்ணைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் துணையாளர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. வளப்பூர் நாட்டில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைக்கும் அலுவலர்களை இன்றும் சந்திக்கிறோம்.) பழங்குடியினர் சாதிச்சான்றைக் கோட்டாட்சியர் நிலை அலுவலரும் ஊனச்சான்றை மருத்துவ அதிகாரியும் தருகிறார்கள். இரண்டு வாசல், இரண்டு வரிசை. ஒன்று கிடைத்ததும் களைத்துப்போய் மற்றதை விட்டுவிடுபவர்கள் பலர். உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காட்டு இடத்தையும் பழங்குடியினர் இடஒதுக்கீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டிய மாணவர் ஒரு காலில் நிற்கிறார். சான்றில் 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டாம். ஒதுக்கீட்டுக்கு அந்த வரம்பு பொருந்தும். ஆனால் தேர்வில் சொல்வதை எழுத ஒருவரைக் கோரும் உரிமையை அந்த வரம்புக்குள் அடைக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரித் தோழர்கள் உடனே தொடங்கக்கூடிய துணைப்பணி இதுவே. ஒரு விதி மட்டும்: அவர் சொன்னதை எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை எழுதாதீர்கள்.

வாக்குச்சாவடியிலும் இதே ஒழுங்குதான். பார்வையின்மையாலோ உடல் தளர்ச்சியாலோ தாமே வாக்களிக்க இயலாதவர் 18 வயது நிறைந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம் என்கிறது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-என் விதி. ஒரே நாளில் ஒருவர் ஒருவருக்குமேல் துணை செல்லக்கூடாது. வாக்கின் இரகசியத்தைக் காப்பதாக எழுதித்தர வேண்டும். ஊரில் உள்ள பத்துப் பேருக்கும் தாமே துணை போகும் கட்சிக்காரரைத் தடுக்க இந்த விதி போதும். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் செய்த திருத்தத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக வேண்டும். அவருக்குத் தீர்மானங்களைப் படித்துக்காட்டவும் விவாதத்தைப் பெயர்த்துச் சொல்லவும் ஆள் இல்லையென்றால் அந்த நாற்காலி கையெழுத்து வாங்கும் நாற்காலியாகிவிடும்.

இனி, யாரும் பேச விரும்பாத பகுதி. துணையாளர் சில வேளைகளில் ஒரு குற்றத்தை முதலில் அறிபவராக இருப்பார். 2011இல் ஆந்திரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற இளம்பெண் ஒருவர் தம் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளியை அவர் குரலால் அடையாளம் காட்டினார். பட்டான் ஜமால் வாலி வழக்கு எனப்படும் இதில், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைத் தரம் குறைந்ததாகக் கருதக்கூடாது என்று 2021 ஏப்ரல் 27இல் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறி, வாழ்நாள் தண்டனையை நிலைநிறுத்தியது. சாதி, பால், ஊனம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுக்குவதைப் பக்கம் பக்கமாக விளக்கியது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கிவிட்டது. குற்றம் சாதியின் காரணமாகவே நிகழ்ந்தது என்று அன்றிருந்த சட்டவாசகம் கோரிய சான்று பதிவாகவில்லை என்பதே காரணம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் இந்தச் சமூகத்தவர் என்று குற்றவாளி அறிந்திருந்தாலே போதும். அந்த அறிதலைக் காட்டும் சிறு செய்திகள், அவர் எத்தனை ஆண்டு பக்கத்தில் குடியிருந்தார், என்ன சொல்லி அழைப்பார் என்பவை, முதல் வாக்குமூலத்திலேயே இடம்பெற வேண்டும். இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியானால், அவர் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. உடன் செல்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தாமே கதை சொல்லத் தொடங்கக்கூடாது.

கூலியைப் பற்றிப் பேசாமல் இளைஞர்களை இப்பணிக்கு அழைப்பது நேர்மையாகாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் 2021இல் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. படித்து முடிப்பவரைத் ‘திவ்யாங் மித்ரா’ என்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது. மலையில் அதற்கேற்ற பணியிடம்தான் வேண்டும். தமிழ்நாடு அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிக்கே உரியது. அதிலிருந்து துணையாளர் கூலி எடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்லும் பராமரிப்பாளர் படி, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கானது. நடக்கக்கூடிய, ஆனால் தனியே செல்ல இயலாத ஒருவரோடு போகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார். சாதாரண நகரப் பேருந்தில் உடன் செல்பவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. அவர் இழக்கும் கூலிக்குக் கணக்கில்லை.

ஆனால் அந்த ஆளை நம் சட்டம் ஓரிடத்தில் தெளிவாகக் கண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 11ஆவது விதியைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவரோ சாட்சியோ 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுற்றவரானால், தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம். அந்தத் துணையாளருக்கும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் அரசு தர வேண்டும். ‘தாம் விரும்பும் ஒருவர்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வன்கொடுமைக்கு ஆளான பிறகு நீதிமன்றம் செல்லும்போது துணைக்குப் படி உண்டு. அதே மனிதர் சான்றிதழுக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ செல்லும்போது இல்லை. இந்த விதியின் வடிவத்தையே மலைப்பகுதி மாற்றுத்திறனாளிகளின் எல்லா அலுவலகப் பயணங்களுக்கும் விரிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. கிராமசபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும் தோழர்களுக்கு வரைவு எழுதித்தர அணியமாக இருக்கிறோம்.

அதுவரை, வன்கொடுமை வழக்குகளில் உடன் செல்வோர் முதல் விசாரணை நாளிலேயே 11ஆவது விதியைக் குறிப்பிட்டுப் படி கோரும் மனுவை எழுதிக் கொடுங்கள். அதன் நகலில் ஒப்புகை பெறுங்கள். செம்மேட்டிலிருந்து இறங்கும்போது வாங்கிய பேருந்துச் சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.