கம்யூனிகேஷன் கேள்விக்கு என்ன பதில் தயார் செய்வது?

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கிய மெப்ஸ் வளாகம், மேற்கே ஒரகடம் தொழிற்சாலைகள், கிழக்கே சோழிங்கநல்லூர், சிறுசேரி மென்பொருள் நிறுவனங்கள். இவை சூழ்ந்த பகுதியில்தான் தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வரை கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் எச்.ஆர் சுற்றில் தப்பாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் எப்படி? பெரும்பாலோர் இதை ஆங்கிலத் தேர்வாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டி, 'ஐ ஹேவ் குட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று தொடங்கும் பத்தியை மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பேசத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே உங்கள் ஆங்கிலம் எப்படி என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்றால், அவர் தேடுவது வேறொன்று: உங்கள் பேச்சால் இன்னொருவருக்கு ஏதாவது விளங்கியதா, அதனால் ஒரு காரியம் நடந்ததா என்பதற்கான சான்று.

இதற்கு ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளில் எது பிற்காலத் திறமையைச் சரியாகக் கணிக்கிறது என்பது குறித்த பல்லாண்டு ஆய்வுகளை பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் மறுபரிசீலனை செய்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42 என்ற தொடர்பளவு கிடைத்து, அது பட்டியலின் உச்சியில் நின்றது. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்குக் கிடைத்ததோ வெறும் 0.19. ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட உறுதியான விவரம் வேண்டும் என்பதால், முறையாகத் தேர்வு நடத்தும் நிறுவனங்கள் கேள்வியை நடந்த சம்பவத்தை நோக்கித் திருப்புகின்றன. புரியாத ஒருவருக்கு எதையாவது விளக்கியிருக்கிறீர்களா? குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்? நீங்கள் சொன்னதை ஒருவர் தவறாக எடுத்துக்கொண்டாரா, பிறகு எப்படிச் சரிசெய்தீர்கள்? இவற்றுக்கு மனப்பாடப் பத்தியைச் சொன்னால், அந்த மதிப்பெண் தாளில் எழுத எதுவுமே இருக்காது.

ஒரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன், எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை ஒருவரை மேசையில் தட்டச் சொல்லி, கேட்பவரை அது என்ன பாடல் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாதிப் பாடல்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 முறை தட்டியதில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் மனத்துக்குள் ஓடும் பாட்டு கேட்பவருக்கு எட்டுவதில்லை. புராஜெக்ட் பற்றிக் கேட்டதும் 'ஐஓடி, அர்டுயினோ, அல்ட்ராசோனிக் சென்சார்' என்று அடுக்கும் மாணவருக்கு நேர்வதும் இதுவே. அதையே, 'மழை நாளில் தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவைத் தொட்டதும் அங்கே குடியிருப்பவர்கள் போனுக்குத் தகவல் போய்விடும், வண்டியை மேட்டுக்கு நகர்த்த நேரம் கிடைக்கும்' என்று தொடங்கிவிட்டு, பிறகு சென்சாருக்கு வந்தால் எச்.ஆர் அதிகாரிக்கும் புரியும், பொறியாளருக்கும் புரியும்.

'வேலைக்கே போகாத ஃப்ரெஷரிடம் சொல்ல என்ன சம்பவம் இருக்கும்?' என்பது நியாயமான கேள்விதான். இருக்கிறது, அதைச் சம்பவமாக அவர்கள் கருதுவதில்லை என்பதே குறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைத் தண்ணீர் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் வாட்ஸ்அப் குழுக்களில் 'உதவி தேவை' என்று முகவரியில்லாத செய்திகள் குவியும். தெருப்பெயர், அடையாளம், எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, எந்த எண் வேலை செய்கிறது என்று ஐந்து விவரங்களைக் கேட்டு வாங்கி, படகு வைத்திருப்பவருக்கு ஒரே செய்தியாக அனுப்பிய மாணவர் செய்தது முதல்தரமான தகவல் தொடர்புப் பணி. நிலைமை என்ன, தன் பொறுப்பு என்ன, என்ன செய்தார், என்ன நடந்தது என்ற வரிசையில் இரண்டே நிமிடத்தில் அதைச் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கைப் புரியவைத்ததும், ஒரகடத்தில் பயிற்சிக்குப் போன டிப்ளமோ மாணவர் ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தின் கோளாறைப் பற்றி ஒன்றும் விடாமல் அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைத்ததும் இதே கணக்கில் சேரும்.

'என்னதான் சொன்னாலும் சரளமாக ஆங்கிலம் பேசுபவரைத்தானே எடுக்கிறார்கள்' என்பது கடுமையான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருடன் போனில் பேசும் வாய்ஸ் பிராசஸ் வேலைக்குச் சரளம்தான் முதல் தகுதி. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருப்பதும் இந்தத் தேவையை உணர்ந்துதான். மற்ற வேலைகளிலும் சரளத்தைத் திறமை என்று எடுத்துக்கொண்டு ஏமாறும் பேனல்கள் உண்டு. தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு அது பெரும் அநீதி. நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று மாறினால்தான் அது தீரும். அதுவரை, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்ன உறுதியான சம்பவம்தான் அந்த மாணவரின் கையில் இருக்கும் வலுவான சான்று. இலக்கணம் ஓரிடத்தில் தடுக்கினாலும் சம்பவம் நிற்கும். சரளத்தை மட்டும் நம்பி வந்தவரிடம், 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் பதில் இருக்காது.

முன்கூட்டியே தயாரித்தால் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடாதா என்றால், வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் ஆகும். நடந்ததன் வரிசையை மட்டும் நினைவில் வைத்து, துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் எங்கே குறுக்கிட்டு 'புரியலையே' என்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்த வேண்டும். நேர்காணல் அறையில் கேள்வி பிடிபடவில்லை என்றால், ஊகித்துப் பேசுவதைவிட, 'நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?' என்று கேட்டுவிடுவது மேல். கவனித்துக் கேட்பவர் என்பதற்கு அதைவிட நேரடியான சான்றை அந்த அறையில் வேறு எப்படியும் காட்ட முடியாது.