சஞ்சாயிகா முதல் டீமேட் வரை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் பள்ளி படித்தவர்கள் பலருக்குச் சஞ்சாயிகா என்ற பெயர் நினைவிருக்கும். பள்ளிக்குள்ளேயே நடந்த சிறுசேமிப்பு வங்கி அது. பொறுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். காசை வாங்குவதும், பேரேட்டில் வரவு வைப்பதும், சின்னப் பாஸ்புத்தகத்தில் எழுதித் தருவதும் மாணவர்களின் வேலை. நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று சேர்ந்த பணம் அஞ்சலகக் கணக்குக்குப் போகும். அக்டோபர் 30, உலக சிக்கன நாள் வந்துவிட்டால் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி. சிறுதுளி பெருவெள்ளம் என்று தொடங்காத பேச்சு அபூர்வம்.

அந்தக் குட்டி வங்கியை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் அது கற்றுக்கொடுத்தது கொஞ்சமில்லை. மிட்டாய்க்கு வைத்த காசை ஒரு நாள் தள்ளிப்போடலாம், கொடுத்த காசு அப்போதே எழுத்தில் ஏற வேண்டும், அடுத்தவர் காசுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் அங்கே பழகிய பாடங்கள். காசாளராக உட்கார்ந்த பிள்ளை, கணக்கு பத்துப் பைசா உதைத்தாலும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பழக்கம் கைவழியாக மனதில் ஏறியது.

அன்றைக்குச் சேமிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைக்கக் காரணமும் இருந்தது. 1988இல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கியது. பொது வருங்கால வைப்பு நிதி தொண்ணூறுகள் முழுதும் 12 சதவீதம் கொடுத்தது. இரண்டுக்கும் அரசின் உத்தரவாதம். எதில் போடுவது என்று நடுத்தரக் குடும்பம் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தபால் ஆபீஸில் போட்டு வைத்தால் போதும், மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் 1991இல் விலைவாசியும் இரட்டை இலக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கிடைத்த வட்டியின் பெரும்பகுதியை அது தின்றுவிட்டது. தொகை இரட்டித்தாலும் அதன் வாங்கும் சக்தி அப்படி இரட்டிக்கவில்லை என்பதைப் பள்ளி சொல்லித்தரவில்லை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பள்ளி பழக்கவில்லை.

அந்தக் குறைக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. 24 சதவீதம், 36 சதவீதம் என்று விளம்பரம் செய்தன. ஓய்வூதியப் பணத்தையும், மகள் கல்யாணத்துக்கு வைத்ததையும் மக்கள் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய பிறகு, 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே காலத்தில் தேக்கு மர வளர்ப்பில் பணம் போடச் சொன்ன திட்டங்களும் வந்தன. 2012இல் பெருந்துறைப் பக்கம் அதிக லாபம் தருவதாகப் பணம் வாங்கிய ஈமுக் கோழிப் பண்ணைகள் கைவிரித்தன. ஏமாந்தவர்களில் ஆசிரியர்கள் உண்டு, அரசு ஊழியர்கள் உண்டு. கூட்டு வட்டிச் சூத்திரத்தை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்களும் உண்டு. அதே சூத்திரத்தில் 36 சதவீதத்தைப் போட்டிருந்தால், இரண்டேகால் ஆண்டில் முதல் இரட்டிக்கும் என்று விடை வந்திருக்கும். அரசுப் பத்திரம் ஐந்தரை ஆண்டில் செய்வதை இரண்டேகால் ஆண்டில், வருடா வருடம் தவறாமல் செய்யும் தொழில் எது? வகுப்பில் ஒரே ஒரு முறை இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியிருந்தால் பல வீடுகள் தப்பித்திருக்கும்.

இன்றைய மாணவர்களின் நிலை வேறு. பெரும்பாலான பள்ளிகளில் சஞ்சாயிகா வழக்கொழிந்துவிட்டது. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கி இயக்க 2014இல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. 2016இல் யுபிஐ வந்தது. காசைக் கையால் தொடாமலே பிள்ளைகள் வளர்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பதினெட்டு வயதானதும், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கைக் கைபேசியிலேயே திறக்கலாம். 2020 மார்ச்சில் நாடு முழுதும் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டிவிட்டன.

பாடத்திட்டமும் அப்படியே நின்றுவிடவில்லை. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் இருக்கிறது. மேல்நிலை வணிகவியலில் பங்குச் சந்தை, அதை ஒழுங்குபடுத்தும் செபி, டீமேட் எல்லாம் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி, செபி உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய தேசிய நிதிக் கல்வி மையம், பள்ளி மாணவர்களுக்கென்றே நிதியறிவுத் தேர்வு நடத்தியிருக்கிறது. இருந்தும் உயிரியல் பிரிவு எடுத்த மாணவி பங்குச் சந்தை, செபி, டீமேட் எதையும் தொடாமலே பள்ளியை விட்டுப் போய்விட முடியும். வணிகவியல் படித்தவருக்கும் செபியின் பணிகள் ஐந்து மதிப்பெண் விடையோடு முடிந்துவிடுகின்றன. அன்று பழக்கம் இருந்தது, பாடம் இல்லை. இன்று பாடம் இருக்கிறது, பழக்கம் இல்லை.

அந்த இடைவெளியில் கைபேசி வாத்தியாராகிவிட்டது. ஒரு நிமிடக் காணொளியில் ஆப்ஷன் எனப்படும் விருப்ப ஒப்பந்த வர்த்தகம் கற்றுத்தருகிறார்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்ததாகச் சொல்கிறது. அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். பாடம் என்ற பெயரில் பங்குப் பரிந்துரை செய்வதைத் தடுக்க, பாடம் நடத்துவோர் மூன்று மாதத்துக்கு முந்தைய விலைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் செபி கட்டுப்பாடு கொண்டுவந்தது. விதி நல்லது. ஆனால் காணொளியைப் பார்க்கும் பிள்ளைக்குச் சந்தேகப்படக் கற்றுத்தர வேண்டியது பள்ளிதான்.

எங்கிருந்து தொடங்குவது? கடனிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அரசுப் பள்ளி மாணவர் பலரின் வீட்டில் முதலீட்டுக்கு மிச்சமே இருக்காது. வட்டிக்காரர் மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுவார். நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. அது மாதத்துக்கு, ஆண்டுக்கு 60 சதவீதம். பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500. இருபது மாதத்தில் பத்தாயிரமும் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும். அந்தக் குடும்பத்தின் முதல் முதலீடு அந்தக் கடனை அடைப்பதுதான்.

அடுத்தது புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் வரும் அந்த 1,000 ரூபாய். அஞ்சலகத் தொடர் வைப்பில் 6.7 சதவீதத்தில் ஐந்து ஆண்டு கட்டினால், போட்ட 60,000 ரூபாய் 71,366 ஆகும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? நகைச்சீட்டில் கட்டினால் செய்கூலி, சேதாரம் எவ்வளவு போகும்? பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறியீட்டு நிதியில் போட்டால்? 2020 தொடக்கத்தில் 12,000க்கு மேல் நின்ற நிஃப்டி குறியீடு மார்ச்சில் 8,000க்குக் கீழே விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. மார்ச்சில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு என்ன ஆகியிருக்கும்? பத்து ஆண்டு பொறுத்திருக்கக் கூடியவருக்கு என்ன? ஒரே முதலீடு ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தவறாகவும் இருக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லித்தரவே வேண்டாம்.

ஆகவே சஞ்சாயிகா திரும்பி வர வேண்டும், புதிய கேள்விகளோடு. எந்தப் பிரிவு மாணவரானாலும் வாரம் ஒரு பாடவேளை வேண்டும். சிறியதாக ஒரு சேமிப்பு வங்கியை மாணவர்களே நடத்த வேண்டும். பழைய விலைப் பட்டியலை வைத்து ஏற்ற இறக்கத்தை அவர்களே வரைந்து பார்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும். காப்பீடோ கணக்கோ விற்க வருகிறவர்களைப் பள்ளி வாசலோடு நிறுத்த வேண்டும். இவ்வளவு வட்டி எப்படிக் கொடுக்கிறீர்கள், இதில் உங்களுக்கு என்ன கமிஷன், பணம் எனக்கு நடுவில் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கும் பிள்ளையாக ஒவ்வொருவரையும் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆக்கிவிட வேண்டும். அந்தப் பிள்ளை பணக்காரராவாரா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த ஈமுக் கோழி வரும்போது அந்த வீட்டில் ஒருவராவது கணக்குக் கேட்பார்.