திருக்கோவலூருக்கு முதன்முறை செல்வோருக்கு

மலையமான் திருமுடிக்காரியின் தலைநகராய்ச் சங்க காலத்திலேயே பிரசித்தி பெற்று, 2019-இல் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று சேர்ந்திருக்கும் திருக்கோவலூருக்கு முதன்முறையாக யாத்திரை செய்பவர், நடுப்பகலில் ஆலயங்கள் நடை சாத்தப்படுமாதலால், காலையிலேயே போய்ச் சேர்வது உத்தமம். முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் நெருக்குண்டு சந்தித்த தலமென்று ஐதிகம் கூறும் உலகளந்த பெருமாள் சந்நிதியில், வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தி, ஒரு திருவடியை உயரத் தூக்கி நிற்கும் அந்தத் திருமேனியை அவசரமின்றிக் கண்ணாரக் காண வேண்டும். பிறகு கீழையூரில், சிவனின் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றைத் தரிசித்துத் தென்பெண்ணைக்கு நடந்தால், ஆற்றினிடையே ஒற்றைப் பாறைமீது சிறு கோயிலைச் சுமந்து நிற்கும் கபிலர் குன்று தென்படும். மறைந்த நண்பன் வள்ளல் பாரியின் மகளிரைப் பாதுகாவலில் ஒப்படைத்தபின் சங்கப் புலவர் கபிலர் உயிர்துறந்த இடம் அதுவென்பர். என் நெஞ்சை மிகவும் உருக்குவது இதுவே. ஆற்றில் வெள்ளம் வந்திருந்தால் கரையிலிருந்தே பார்த்துத் திரும்புங்கள்.