துன்பத்தை உண்டாக்கியது யார்? – இளையோருக்குக் கொடுக்க வேண்டிய சில நூல்கள்



நினைவுச் சொற்பொழிவில் புத்தகங்களைப் பரிந்துரைப்பதா என்று சிலர் நினைக்கலாம். மறைந்தவர்களை நினைவில் வைத்திருப்பதற்கு அவர்கள் நம்பிய காரியத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே இன்று ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். துன்பத்தை எதிர்கொண்டு மேலெழுந்த மனிதர்களைப் பற்றி நம் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும்?

பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசாகத் தரப்படும் தன்னம்பிக்கை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். ஏழைச் சிறுவன் ஒருவன் தெருவிளக்கில் படிப்பான், பட்டினி கிடப்பான், விடாமல் முயன்று பெரிய பதவிக்கு வருவான். இந்தக் கதைகளில் துன்பம் மழையைப் போல வானத்திலிருந்து விழுகிறது. அதை உண்டாக்கிய மனிதர் யாரும் இல்லை. படிக்கிற பிள்ளை இரண்டு முடிவுகளுக்கு வருகிறது: வென்றவன் தன் முயற்சியால் வென்றான், தோற்றவன் முயற்சி போதாமல் தோற்றான். சேரியிலிருந்து வருகிற பிள்ளைக்கு இரண்டாவது முடிவு விஷம். வகுப்பில் அவமானப்பட்டுப் படிப்பை நிறுத்தியவன், குற்றம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டே வாழ்ந்துவிடுவான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலில், தனிமனிதரின் தொல்லைகளையும் சமூகத்தின் பொதுப் பிரச்சினைகளையும் பிரித்துக் காட்டினார். தனக்கு மட்டும் நேர்ந்ததாக ஒருவர் நினைப்பது ஒரு சமூக அமைப்பின் விளைவாக இருக்கலாம் என்று காண்பதே சமூகவியல் பார்வை. ஒரு நல்ல தலித் தன்வரலாறு இந்தப் பார்வையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் கற்றுத் தந்துவிடும். அதற்கு எந்த நூலைக் கொடுத்தாலும் மூன்று கேள்விகளோடு கொடுங்கள். இந்தத் துன்பத்தை உண்டாக்கியது யார்? அப்போது யார் கூட நின்றார்கள்? வென்ற பிறகும் எது மிச்சமிருந்தது?

முதலில் கொடுக்க வேண்டியது, அண்ணல் அம்பேத்கர் 1930களில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1990இல் நூலாக வந்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. ஆறு சிறு பகுதிகள். ஒரே அமர்வில் படித்துவிடலாம். முதல் பகுதி 1901இல் நடக்கிறது. கோரேகாவில் வேலை பார்க்கும் தந்தையைக் காணப் பிள்ளைகள் ரயிலேறி மசூரில் இறங்குகிறார்கள். புத்தாடை, புதுச் செருப்பு, கையில் பணம், வேண்டிய அளவு சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. மகர்கள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாததால் கட்டிக்கொண்டு போன சோற்றையும் சாப்பிட முடியாமல் பசியோடு படுக்கிறார்கள்.

பணம் இருந்தது, சோறு இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. சாதி என்பது வெறும் வறுமைதான் என்று வாதிடுபவர்களுக்கு இந்தச் சில பக்கங்கள் போதும். படமாகப் பார்க்க விரும்பும் சிறுவர்களுக்கு 'பீமாயணம்' இருக்கிறது. கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்து 2011இல் வந்த நூல் அது.

இரண்டாவது, இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. பெயருக்கேற்பச் சிறிய நூல். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அவர் சொல்வதை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சக மாணவர்களோடு பழகினால் தன் சாதியும் வீடும் தெரிந்துவிடும் என்று அஞ்சி, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்த தலைவர் அவர். இன்று கல்லூரி விடுதியில் தன் ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் மறைத்துப் பேசுகிற மாணவருக்கு, இந்த அச்சம் தனக்கு முன்பே வேறொருவர் பட்டது என்று தெரிவதே பாதி விடுதலை.

மூன்றாவது, ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் 1997இல் வெளியிட்ட 'ஜூட்டன்'. எச்சில் என்று பொருள். உத்தரப்பிரதேசத்துக் கிராமப் பள்ளியில் தலைமையாசிரியர் இச்சிறுவனை வகுப்பில் உட்காரவிடாமல் நாள்கணக்கில் வளாகத்தைப் பெருக்க வைக்கிறார். மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த தந்தை பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தலைமையாசிரியரை எதிர்த்துச் சத்தம் போடுகிறார். பள்ளிக்கூடம் போகாத அந்தத் தந்தை இல்லையென்றால் எழுத்தாளர் வால்மீகி இல்லை. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

நான்காவது, 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போவது சிறுமிக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, அதன் காரணத்தைச் சொல்கிறார். நன்றாகப் படித்தால் மதிப்பு தானே வரும் என்று அவர் சொன்னபடியே அவள் படித்து முன்னுக்கு வருகிறாள். ஆனாலும் விடுதியில், கல்லூரியில், பின்னர் துறவியாகச் சேர்ந்த மடத்திலும்கூடச் சாதி அவளுக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் மடத்தை விட்டு வெளியேறுகிறாள். தன்னம்பிக்கை நூல்கள் முடிகிற இடத்தில் 'கருக்கு' தொடங்குகிறது. படிப்பு தேவையில்லை என்று பாமா சொல்லவில்லை. படிப்பு மட்டும் போதும் என்று நம்மை ஏமாற்றவும் இல்லை.

இவற்றோடு கே.ஏ. குணசேகரனின் 'வடு'வையும், பாவண்ணன் தமிழாக்கத்தில் கிடைக்கும் கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் 'ஊரும் சேரியும்' நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளையான்குடியில் சாதி பாராத முஸ்லிம்களோடு பழகியதையும், சுற்றுக் கிராமங்களில் பட்டதையும் குணசேகரன் அடுத்தடுத்து வைக்கிறார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்ற கேள்வி வாசிக்கிறவருக்குத் தானாக எழும். சித்தலிங்கையா, இரண்டு மனிதர்கள் மாடுகளைப் போல நுகத்தடி சுமந்து ஏர் இழுத்ததைச் சிறுவயதில் பார்த்ததாகச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் அவருடைய தந்தை. அப்படித் தொடங்கும் நூல் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அழுகை மட்டும் சொந்தம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒடுக்குகிறவரைப் பார்த்துச் சிரிக்கத் தெரிவதும் எதிர்ப்புதான்.

இவற்றைத் தலித் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் முடியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, மாணவரிடையே சாதி வன்மத்தைத் தவிர்க்கும் வழிகளைக் கேட்டது. அரிவாள் எடுத்த கைகளும் பாடப்புத்தகம் பிடித்த கைகள்தான். தன் வீட்டில் பெருமை என்று கற்றது அடுத்த வீட்டில் என்னவாக இறங்குகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் படித்திருக்க வேண்டும்.

வாசிக்க வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கலப்பு வகுப்பில் 'கருக்கு' படிக்கும்போது, "உன் வீட்டில் இப்படி நடந்ததா?" என்று ஒரு தலித் பிள்ளையைப் பார்த்துக் கேட்காதீர்கள். உதவித்தொகைக்காகவும் சிறப்பு வகுப்புக்காகவும் எழுந்து நிற்கச் சொல்வதும் இதுவும் ஒன்றே. கேள்வியை நூலின் பக்கம் திருப்புங்கள்: அந்தப் பெரியவரைக் கயிற்றைப் பிடிக்க வைத்தவர் யார்? சுற்றி நின்று பார்த்தவர்கள் ஏன் பேசவில்லை? அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? அப்போது எந்தப் பிள்ளையும் காட்சிப்பொருள் ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செயல்பாட்டாளர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். உங்கள் ஊர் மாலைப் பள்ளியில், ஆதிதிராவிடர் நல விடுதியில் இந்த ஆறு நூல்களுக்கும் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குங்கள். மாதம் ஒரு நூல், ஓர் ஞாயிறு மாலை, மூன்று கேள்விகள். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, அவர்கள் பாட்டி தாத்தாவிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஏழாவது நூல் அங்கிருந்து வரும்.